எழுத்தும் குடும்பமும்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வி வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

ஒரு குழந்தை வாசிப்பில் பின்தங்கினால் முதலில் எழும் கேள்வி, 'வீட்டில் என்ன செய்கிறார்கள்?' என்பதுதான். அமெரிக்காவில் இந்தக் கேள்வி நெடுங்காலமாக நிறம் பார்த்தே கேட்கப்பட்டு வந்துள்ளது. கறுப்பினக் குழந்தைகளின் வாசிப்புத் தேர்ச்சி பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரு விளக்கம் ஆயத்தமாகக் காத்திருக்கும். அவர்களுடைய பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை, வீட்டில் புத்தகம் இல்லை, பிள்ளைகளோடு பேச்சு இல்லை என்பது அது. 1960கள் தொடங்கி ஆய்வறிக்கையாகவும் அரசுத் திட்டத்தின் முன்னுரையாகவும் ஆசிரியர் அறைப் பேச்சாகவும் அவ்விளக்கம் உலவி வருகிறது.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்டினால் இது எவ்வளவு விந்தையான குற்றச்சாட்டு என்பது விளங்கும். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்த நாடு அது. அந்தத் தடையை மீறிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களின் வழித்தோன்றல்களைப் பார்த்துத்தான் 'கல்வியில் அக்கறையற்றவர்கள்' என்று சொல்லப்படுகிறது. அலெக்ஸ் ஹேலியின் நூலை 'ஏழு தலைமுறைகள்' என்று தமிழில் வாசித்த நம்மில் பலருக்குக் கசையடியும் ஏலச் சந்தையும் தெரியும். எழுத்துக்காக அம்மக்களின் தாய்மாரும் பாட்டிமாரும் நடத்திய போராட்டம் அந்த அளவுக்கு நம்மை வந்தடையவில்லை. அதன் சில பக்கங்களை இங்கே திரும்பிப் பார்க்கலாம்.

எழுதக் கூடாது என்ற சட்டம்

1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே, 1740இல், அக்குடியேற்றம் 'நீக்ரோ சட்டம்' எனப்படும் சட்டத்தை இயற்றியது. அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கும் அடிமையை எழுத்தராகப் பயன்படுத்துபவருக்கும் நூறு பவுண்டு அபராதம் என்று அது விதித்தது. இதில் கவனிக்க வேண்டியது, தடை எழுதுவதற்கு மட்டுமே இருந்தது என்பது. வாசிப்பதை அன்றைய சட்டம் தடுக்கவில்லை. வாசிக்கத் தெரிந்த அடிமை வேதாகமத்தை வாசிப்பான். எழுதத் தெரிந்த அடிமையோ, பண்ணையை விட்டு வெளியே செல்வதற்கான அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான். எஜமானரின் கையெழுத்து அடிமையின் விரல்களுக்கு வந்துவிட்டால் வேலிக்குப் பொருள் இல்லாமல் போய்விடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சம் வாசிப்பையும் தொட்டது. பாஸ்டனில் பழந்துணிக் கடை நடத்திய டேவிட் வாக்கர் என்னும் கறுப்பினத்தவர் 1829இல் அடிமைமுறைக்கு எதிராக ஒரு சிறு நூலை வெளியிட்டார். அது கப்பல் தொழிலாளர்கள் வழியாகத் தென் மாநிலங்களுக்குச் சென்று சேர்ந்தது. 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நாட் டர்னரும் வாசிக்கத் தெரிந்தவரே. இந்த ஆண்டுகளை ஒட்டி ஜார்ஜியா, வட கரோலினா, வர்ஜீனியா, அலபாமா ஆகிய மாநிலங்கள் கற்பிப்பதைத் தடைசெய்தன. தென் கரோலினா 1834இல் வாசிப்பையும் தன் தடைக்குள் கொண்டுவந்தது.

வட கரோலினாவின் சட்டத்தில் ஒரு நுட்பமான விலக்கு இருந்தது. எழுதவோ வாசிக்கவோ கற்பிக்கக் கூடாது, எண்களைக் கற்பிக்கலாம். மூட்டைகளை எண்ணவும் பீப்பாய்களைக் கணக்கிடவும் தெரிந்த அடிமையால் முதலாளிக்கு லாபம். எண்ணும் எழுத்தும் கண் என இணைத்தே ஓதிப் பழகிய நமக்கு, ஒரு கண்ணைத் திறந்து வைத்து மறு கண்ணைக் கட்டிய இந்தச் சட்டத்தின் கணக்கு எளிதில் விளங்கிவிடும். தண்டனையும் நிறம் பார்த்தே வகுக்கப்பட்டது. கற்பித்தவர் வெள்ளையரானால் அபராதம் அல்லது சிறை. சுதந்திரக் கறுப்பரானால் அவற்றோடு கசையடியும் உண்டு. அடிமையே அடிமைக்குக் கற்பித்தால் முப்பத்தொன்பது கசையடி. தாய் தன் மகனுக்கு அகரம் சொல்லித் தருவதும் இதில் அடங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கல்வியில் குடும்பத்தின் பங்கேற்பு என்று இன்று போற்றப்படும் ஒன்று, அன்று சட்டத்தின் கண்ணில் குற்றம்.

தாயும் பாட்டியும்

பிரெடரிக் டக்ளஸின் கதை பலரும் அறிந்தது. பால்டிமோரில் எஜமானி சோஃபியா ஆல்ட் அவருக்கு எழுத்துகளைச் சொல்லித் தரத் தொடங்கினார். கணவர் ஹியூ ஆல்ட் அதைத் தடுத்தார். பின்னர் டக்ளஸ், தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்துப் பாடம் கேட்டார். கப்பல் கட்டும் தளத்தில் மரத்துண்டுகளின் மேல் தச்சர்கள் குறித்த எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினார். மேரிலாந்தில் கற்பிப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இயற்றப்படவே இல்லை என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. சட்டம் செய்ய வேண்டியதை அங்கே வழக்கமே செய்து முடித்தது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. டக்ளஸின் தாய் ஹாரியட் பெய்லி சுமார் பன்னிரண்டு மைல் தொலைவில் வேறொரு பண்ணையில் வயல்வேலை செய்தவர். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் நடந்து வந்து மகனைப் பார்த்துவிட்டு, விடியுமுன் திரும்பிச் சென்றவர். மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்து போனார். 1845இல் வெளிவந்த முதல் தன்வரலாற்றில் தாயைப் பற்றி டக்ளஸ் எழுதியது மிகக் குறைவு. பத்தாண்டு கழித்து, 1855இல் எழுதிய இரண்டாவது தன்வரலாற்றில் ஒரு செய்தியைச் சேர்க்கிறார். தன் தாய்க்கு வாசிக்கத் தெரியும் என்பதை அவர் இறந்த பிறகு அறிந்துகொண்டாராம். அந்த வட்டாரத்து அடிமைகளிலும் கறுப்பின மக்களிலும் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. எழுத்தின் மீது தமக்குள்ள காதலை எவருடைய வெள்ளைத் தந்தைமைக்கும் வரவு வைக்காமல் அந்தத் தாய்க்கே டக்ளஸ் உரித்தாக்குகிறார். வயல்வேலைக்காரியான ஓர் அடிமைப் பெண் எங்கே, யாரிடம், எப்படி வாசிக்கக் கற்றார் என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பு மகனுக்கே கிடைக்கவில்லை. தாயிடமிருந்து மகனுக்குச் சேர வேண்டியதைச் சேரவிடாமல் செய்தது பன்னிரண்டு மைல் தூரம்.

ஜார்ஜியாவில் 1848இல் அடிமையாகப் பிறந்த சூசி கிங் டெய்லர் 1902இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் இன்னொரு காட்சி வருகிறது. சவன்னா நகரில் பாட்டியின் பொறுப்பில் வளர்ந்த சூசியையும் அவருடைய தம்பியையும், உட்ஹவுஸ் என்னும் சுதந்திரக் கறுப்பின விதவையின் வீட்டுக்குப் பாட்டி படிக்க அனுப்பினார். காவலரோ வெள்ளையரோ பார்த்துவிடாதபடி புத்தகங்கள் தாளில் சுற்றப்பட்டிருந்தன. இருபத்தைந்து முப்பது பிள்ளைகள். கூட்டமாகச் சென்றால் ஐயம் வரும் என்று ஒவ்வொருவராக வாயிலுக்குள் நுழைந்தார்கள். பிள்ளைகள் ஏதோ கைத்தொழில் பழக வருகிறார்கள் என்றே அக்கம்பக்கத்தார் எண்ணினர். அந்தச் சிறுமி 1862இல், பதினான்காவது வயதில், உள்நாட்டுப் போரின் நடுவே செயின்ட் சைமன்ஸ் தீவில் பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் ஆசிரியையானார். அந்த ஆசிரியைக்குப் பின்னால் புத்தகத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்த ஒரு பாட்டி இருக்கிறார்.

எழுதத் தெரியாத தாய் வாங்கித் தந்த புத்தகம்

1865இல் போர் முடிந்ததும் வடக்கிலிருந்து வந்த ஆசிரியர்களும் அரசின் விடுதலை பெற்றோர் நலத்துறையும் கறுப்பின மக்களுக்குக் கல்வி தந்தார்கள் என்பது வெகுநாள் வழங்கி வந்த வரலாறு. அது பாதி உண்மை. மறு பாதியை விரிவாக எழுதியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1988இல் வெளிவந்த அவருடைய நூல் 1860 முதல் 1935 வரையிலான தென் மாநிலக் கறுப்பினக் கல்வியை ஆராய்கிறது. நலத்துறையின் கல்விக் கண்காணிப்பாளர் ஜான் ஆல்வர்ட் தென் மாநிலங்களில் பயணம் செய்தபோது, எவர் உதவியுமின்றி அம்மக்கள் தாமே நடத்திய பள்ளிகளைக் கண்டு வியந்தார். அத்தகைய பள்ளிகள் குறைந்தது ஐந்நூறாவது இருக்கும் என்று 1866இல் மதிப்பிட்டார். அதே ஆண்டு ஜார்ஜியாவில் இயங்கிய 123 பகல், இரவுப் பள்ளிகளில் 96 பள்ளிகள் முழுதாகவோ பகுதியாகவோ அம்மக்களின் சொந்தப் பணத்தில் நடந்தன. சவன்னாவில் மனிதர்களை ஏலம் விட்ட கட்டடம் ஒன்றே பள்ளிக்கூடமாயிற்று.

அந்தக் காலத்துக் குடும்பத்தின் உட்புறத்தைக் காட்டுபவர் புக்கர் டி. வாஷிங்டன். விடுதலைக்குப் பின் மேற்கு வர்ஜீனியாவில் உப்பளத்தில் வேலை செய்த சிறுவன் அவர். அவருடைய மாற்றாந்தந்தைக்குரிய பீப்பாய்களின் மேல் 18 என்ற எண் குறிக்கப்படும். அவர் கற்ற முதல் எழுத்து அந்த எண்தான். எழுத்துக் கற்க வேண்டும் என்று தாயிடம் கேட்டார். தாய்க்கு ஓரெழுத்தும் தெரியாது. ஆயினும் எங்கிருந்தோ நீல அட்டை போட்ட வெப்ஸ்டர் எழுத்துக்கூட்டுப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பெற்று மகன் கையில் கொடுத்தார். இன்றைய பள்ளி ஒன்று அந்தத் தாயிடம் படிவம் நீட்டி, 'தினமும் குழந்தைக்கு வாசித்துக் காட்டுகிறீர்களா?' என்று கேட்டிருந்தால் 'இல்லை' என்றே விடை வந்திருக்கும். படிவத்தில் அந்தப் புத்தகத்துக்கு இடம் இருந்திருக்காது.

இங்கே நம் நாட்டோடு உண்மையான ஒரு தொடர்பும் உண்டு. 1873இல் புனேயில் ஜோதிராவ் புலே தம் 'குலாம்கிரி' நூலை வெளியிட்டபோது, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். தம் மனைவி சாவித்திரிபாய்க்குத் தாமே எழுத்தறிவித்து, ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் பள்ளி நடத்திய ஒருவருக்கு, கடல் கடந்த அந்தப் போராட்டத்தில் தம் போராட்டத்தின் முகம் தெரிந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோசன்வால்ட் பள்ளிகள் எழுந்தன. சியர்ஸ் நிறுவனத் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், வாஷிங்டனின் தூண்டுதலால் தென் மாநிலக் கிராமங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிக் கட்டடங்களுக்கு நிதி அளித்தார். 1932 வரை பதினைந்து மாநிலங்களில் 4,977 பள்ளிகள் கட்டப்பட்டன. மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்ட் நிதியின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடு. கறுப்பினக் குடும்பங்கள் தாமே திரட்டித் தந்தது 47 லட்சம் டாலர், அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி வரிப்பணம். அந்த வரியைக் கறுப்பின மக்களும் கட்டினார்கள். அது வெள்ளையர் பள்ளிகளுக்கே பெரிதும் சென்றதால், தம் பிள்ளைகளுக்காக மீண்டும் ஒருமுறை கொடுக்க வேண்டியதாயிற்று. ஆண்டர்சன் இதை இரட்டை வரி என்கிறார். பருத்தி வயலில் கூலிக்கும் குத்தகைக்கும் உழைத்தவர்கள் காசாகவும் மரமாகவும் நிலமாகவும் உடலுழைப்பாகவும் கொடுத்தார்கள். கோடீசுவரர் கொடுத்ததைவிட அவர்கள் கொடுத்தது அதிகம். ஆனாலும் பள்ளிகளுக்கு நிலைத்த பெயர் ரோசன்வால்ட்.

மக்கள்தொகைக் கணக்கு இவ்வுழைப்பின் பயனைக் காட்டுகிறது. 1880இல் வெள்ளையரல்லாதாரில் எழுத்தறியாதோர் 70 விழுக்காடு. 1910இல் அது ஏறத்தாழ 30 விழுக்காடாகவும், 1930இல் 16 விழுக்காடாகவும் குறைந்தது. ஐம்பதே ஆண்டுகளில், எதிர்ப்பான அரசுகளின் கீழ், இவ்வளவு மாற்றம்.

தாத்தாவின் பெயரால்

எழுத்தறிவு பரவத் தொடங்கியதும் அதையே ஆயுதமாக்கும் வழியைத் தென் மாநிலங்கள் கண்டுபிடித்தன. மிசிசிப்பி 1890இலும் தென் கரோலினா 1895இலும் வாக்காளராகப் பதிவதற்கு வாசிப்புத் தேர்வை அரசியலமைப்பிலேயே வைத்தன. தேர்வை நடத்துபவர் வெள்ளை அதிகாரி. எந்தப் பத்தியை வாசிக்கச் சொல்வது, எது தேர்ச்சி என்பதெல்லாம் அவர் விருப்பம்.

எழுத்தறியாத ஏழை வெள்ளையரும் இத்தகைய தேர்வில் சிக்குவார்களே? அதற்கு லூசியானா 1898இல் ஒரு வழி வகுத்தது. 1867 ஜனவரி முதல் நாளன்று தந்தையோ தாத்தாவோ வாக்குரிமை பெற்றிருந்தால், அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் எழுத்தறிவும் சொத்தும் தேவையில்லை. 'தாத்தா விதி' என்று பெயர் பெற்ற இதை வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. அந்த நாளில் அம்மாநிலங்களின் கறுப்பினத் தாத்தாக்களுக்கு வாக்குரிமை கிடையாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 1915இல் இவ்விதியைச் செல்லாது என்றது. வாசிப்புத் தேர்வோ 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை நின்றது. எழுத்தறியாத வெள்ளைப் பேரனைத் தாத்தாவின் பெயர் காப்பாற்றியது. எழுத்தறிந்த கறுப்பினப் பேரனைத் தடுத்ததும் தாத்தாவின் பெயரே. குடும்பப் பின்னணி என்பது கல்வியியலின் கலைச்சொல் ஆவதற்கு முன்பே சட்டத்தின் சொல்லாக இருந்திருக்கிறது.

மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு வகுப்பு

தென் கரோலினாவில் சார்ல்ஸ்டனை ஒட்டிய ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டினார். தீவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குச் செல்வோரை ஏற்றிச் செல்லும்போது, வாக்காளர் தேர்வுக்கான அரசியலமைப்புப் பகுதிகளைப் பயணிகளுக்குச் சொல்லித் தருவார். ஒருநாள் ஆலிஸ் வைன் என்னும் பெண், தமக்கு வாசிக்கவே கற்றுத் தந்தால் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார்.

செப்டிமா கிளார்க் அத்தீவில் 1916இல் ஆசிரியையாகப் பணி தொடங்கியவர். ஏறத்தாழ நாற்பதாண்டுப் பணிக்குப் பின், கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தில் உறுப்பினராக இருந்த காரணத்துக்காக 1956இல் வேலை பறிக்கப்பட்டவர். டென்னசியிலிருந்த ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியின் துணையோடு 1957 ஜனவரியில் அவரும் ஜென்கின்ஸும் தீவில் ஒரு வகுப்பைத் தொடங்கினர். முன்புறம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்புறம் வகுப்பு. சவன்னாவில் தாளில் சுற்றிய புத்தகம் நூறாண்டு கழித்து மளிகைக் கடையாக உருமாறியிருந்தது.

ஆசிரியையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெர்னிஸ் ராபின்சன், அழகு நிலையம் நடத்தியவர், கிளார்க்கின் உறவினர். ஆசிரியப் பயிற்சி இல்லாதவரையே கிளார்க் வேண்டுமென்று தேர்ந்தெடுத்தார். பயிற்சி பெற்றவர்கள் முதியோரைச் சிறுபிள்ளைகளாக நடத்துவார்கள் என்பது அவர் அச்சம். ராபின்சன் முதல் நாள் கொண்டுசென்ற தொடக்கப் பள்ளிப் பாடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, வந்திருந்த பதினான்கு பேரிடமும் என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், வேதாகமமும் நாளிதழும் வாசிக்க வேண்டும், அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் படிவத்தையும் மணியார்டரையும் தாமே நிரப்ப வேண்டும் என்றார்கள். அவையே பாடத்திட்டமாயின. வயல்வேலை குறைந்த குளிர்கால மாதங்களில், வாரத்துக்கு இரண்டு இரவுகள் வகுப்பு நடந்தது. குடியுரிமைப் பள்ளி என்று பெயர் பெற்ற இம்முறை 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்கு மாற்றப்பட்டுத் தென் மாநிலங்களெங்கும் பரவியது.

இதை வெறும் வாக்குரிமை வரலாறாக மட்டும் வாசிப்பது குறைவான வாசிப்பு. பள்ளிக்கு வந்த பெற்றோரிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டு, விடையைப் பாடமாக்கிய முயற்சி அது. கேட்டவரும் விடை சொன்னவர்களும் ஒரே சமூகத்தினர்.

பேருந்து கேட்டவர்கள்

அதே மாநிலத்தின் கிளாரண்டன் மாவட்டத்தில் 1947இல் கறுப்பினப் பெற்றோர் கேட்டது ஒரு பள்ளிப் பேருந்து. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பேருந்துகள் இருந்தன, இவர்கள் பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்தனர். கோரிக்கை மறுக்கப்பட்டது. ஜோசப் டிலைன் என்னும் போதகரின் வழிகாட்டலில் 1949இல் பெற்றோர் சமமான கல்வி கேட்டு மனுவில் கையெழுத்திட்டனர். அந்நாளில் அம்மாவட்டம் ஒரு வெள்ளைக் குழந்தைக்கு ஆண்டுக்கு 179 டாலரும் கறுப்பினக் குழந்தைக்கு 43 டாலரும் செலவிட்டது. மனுவின் முதல் பெயரான ஹாரி பிரிக்ஸ் போரில் கடற்படையில் பணியாற்றியவர், எரிபொருள் நிலைய ஊழியர். அவர் வேலை போயிற்று. விடுதியில் வேலைசெய்த மனைவி எலிசாவின் வேலையும் போயிற்று. போதகரின் தேவாலயம் 1955இல் எரிக்கப்பட்டது. அவர் மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

1954இல் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்ற பிரௌன் தீர்ப்புக்குள் அடங்கிய ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று. அந்தத் தீர்ப்பின் பெருமை குறையாமலே அதன் விளைவுகளில் ஒன்றையும் சொல்ல வேண்டும். இணைப்பு என்ற பெயரில் பல இடங்களில் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் மட்டும் வெள்ளையர் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். 1965க்குள் பதினேழு மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தனர் என்பது பலரும் எடுத்துக்காட்டும் மதிப்பீடு. பெற்றோர் கட்டிய பள்ளி போயிற்று. அதே தேவாலயத்தில் அவர்களோடு அமர்ந்து, அவர்கள் வீட்டுச் சூழலை அறிந்திருந்த ஆசிரியரும் போனார். அடுத்த தலைமுறைப் பெற்றோர் பள்ளி வாயிலில் அந்நியராக நின்றனர். சரியாக இந்தக் காலத்தில்தான் 'பெற்றோர் வருவதில்லை' என்னும் குரல் வலுத்தது.

குறை எங்கே இருக்கிறது?

1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவர் தேர்ச்சியில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மிகுதியாகத் தொடர்புற்றிருப்பதாகக் கூறியது. முந்தைய ஆண்டின் மொய்னிஹன் அறிக்கை கறுப்பினக் குடும்பமே சிதைந்துவிட்டதாக வருணித்திருந்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தவர்கள், குறை வீட்டில் இருக்கிறது என்ற முடிவுக்கு எளிதில் வந்தனர். வறுமை வாசிப்பைப் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வறுமையைப் பண்பாட்டுக் குறைபாடாகப் பெயர் மாற்றும்போது, வறுமைக்குக் காரணமானவர்கள் கணக்கிலிருந்து விடுபட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சூழலில் ஷெர்லி பிரைஸ் ஹீத்தின் ஆய்வு திறந்த கதவு போல வந்தது. கரோலினாப் பகுதியில் அடுத்தடுத்து இருந்த இரு தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பழகி, 1983இல் அவர் நூல் வெளியிட்டார். வெள்ளையர் குடியிருப்புக்கு ரோட்வில் என்றும் கறுப்பினக் குடியிருப்புக்கு டிராக்டன் என்றும் புனைபெயர் இட்டார். ரோட்வில்லில் தாய் குழந்தைக்குக் கதைப்புத்தகம் வாசித்து, 'இது என்ன?' என்று விடை தெரிந்த கேள்விகளைக் கேட்பார். டிராக்டனில் வாசிப்பு திண்ணையில் நடந்தது. கடிதமோ நாளிதழோ பள்ளி அறிவிப்போ வந்தால் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் தம் அனுபவத்தோடு இணைத்துப் பேச, பொருள் கூட்டாக உருவானது. தனியே அமர்ந்து வாசிப்பவர் ஒட்டாதவராகக் கருதப்பட்டார். பெரியவர்கள் குழந்தைகளிடம் விடை தெரிந்த கேள்விகளைக் கேட்பதில்லை. 'இது எதைப் போல இருக்கிறது?' என்றே கேட்டார்கள். உவமை சொல்வதில் அப்பிள்ளைகள் வல்லவர்கள்.

பள்ளியின் முதல் வகுப்போ 'இது என்ன நிறம்?' என்று கேட்டது. கேட்பவருக்கே விடை தெரிந்த கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்று விளங்காமல் டிராக்டன் பிள்ளைகள் மௌனமாயினர். ஆசிரியர் அந்த மௌனத்தை அறியாமை எனக் குறித்துக்கொண்டார். ஹீத்தோடு பணியாற்றிய ஆசிரியர்கள் இதை உணர்ந்து வகுப்பை மாற்றிப் பார்த்தனர். ஓர் ஐந்தாம் வகுப்பில் மாணவர்கள் உள்ளூர் மக்களிடம் பேசி அவர்களுடைய வேளாண் வழக்கங்களைத் திரட்டி, பாடநூல் அறிவியலோடு ஒப்பிட்டனர். நல்ல பலன் கிடைத்தது. ஆனால் தேர்வுகளின் பிடி இறுகியபோது அம்முயற்சிகள் மங்கின என்பதையும் அவரே பதிவு செய்கிறார்.

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் தாய்மார்கள் நீதிமன்றம் சென்றனர். பள்ளியின் பெயர் மார்ட்டின் லூதர் கிங் தொடக்கப் பள்ளி. வழக்கு நடந்தபோது எஞ்சியிருந்த வாதிகள் பதினொரு கறுப்பினக் குழந்தைகள். அவர்களுடைய வீட்டு மொழியை அறியாமல், கற்கும் திறன் அற்றவர்களாகப் பள்ளி முத்திரை குத்துகிறது என்பது புகார். 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர், வாசிப்புக் கற்பிக்கும்போது வீட்டு மொழியைக் கணக்கில் கொள்ள நிர்வாகம் தவறிவிட்டது என்று தீர்ப்பளித்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுக்கவும் ஆணையிட்டார். பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடையே அன்றாடம் பாலம் கட்டும் நமக்கு இத்தீர்ப்பின் அருமை தெரியும்.

இதன் மறுபக்கத்தைச் சொன்னவர் லிசா டெல்பிட். வீட்டு மொழியைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு பொது எழுத்து மொழியின் விதிகளை வெளிப்படையாகக் கற்பிக்காமல் விடுவது கறுப்பினப் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி என்று 1988இல் அவர் எழுதினார். அதிகாரத்தின் மொழி தம் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்றுதான் அப்பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் குரலை முற்போக்கு ஆசிரியர்களே கேட்க மறுத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஹீத்தும் டெல்பிட்டும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும் இருவரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். பெற்றோரிடம் கேளுங்கள் என்பதே அது.

கேட்பது எளிதாக இல்லை. 1995இல் ஹார்ட், ரிஸ்லி என்னும் ஆய்வாளர்கள் கான்சஸ் பகுதியின் 42 குடும்பங்களைக் கவனித்து, ஏழைக் குழந்தைகள் நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்களைக் குறைவாகக் கேட்கிறார்கள் என்றனர். அந்த எண்ணிக்கை அரசுத் திட்டங்கள் வரை சென்றது. உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பங்களாக அதில் இடம்பெற்றவை ஆறே, ஆறும் கறுப்பினக் குடும்பங்கள். 2019இல் ஸ்பெரி குழுவினர் வெளியிட்ட மறு ஆய்வு வேறு சமூகங்களை எடுத்துக்கொண்டது. தாய் குழந்தையை நோக்கிப் பேசுவதோடு, வீட்டில் பிறர் பேசக் குழந்தை கேட்பதையும் அது எண்ணியது. அந்த அளவுக்கு இடைவெளி காணப்படவில்லை. திண்ணைப் பேச்சையும் சொல்லாக எண்ணினால் கணக்கு மாறுகிறது.

அனெட் லாரோவும் எரின் ஹோர்வாட்டும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. பள்ளிகள் வரவேற்பது பணிவோடும் பாராட்டோடும் வரும் பெற்றோரை. இனப் பாகுபாட்டின் வரலாற்றைச் சுமந்து, ஐயத்தோடும் கோபத்தோடும் வரும் கறுப்பினப் பெற்றோரின் பங்கேற்பு 'தொல்லை' எனக் கருதப்படுகிறது. வராவிட்டால் அக்கறையின்மை, வந்து கேள்வி கேட்டால் அடாவடி. கிளாரண்டன் மாவட்டத்தில் மனு எழுதியவர்களும் அன்று தொல்லை கொடுத்தவர்களாகவே கருதப்பட்டிருப்பார்கள்.

எண்ணப்படாதவை

2016இல் டெட்ராய்ட் நகரப் பள்ளி மாணவர்கள், தமக்கு வாசிக்கும் வாய்ப்பே மறுக்கப்படுகிறது என்று மிச்சிகன் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். அடிப்படை எழுத்தறிவு பெறுவது அரசியலமைப்பு தரும் உரிமை என்று 2020 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வழக்கு சமரசத்தில் முடிந்தது. முழு அமர்வு மறுவிசாரணைக்கு எடுத்ததால் அந்தத் தீர்ப்பும் நீக்கப்பட்டது. சமரசத்தில் வாக்களிக்கப்பட்ட 9 கோடியே 44 லட்சம் டாலரை மாநிலம் 2023இல் ஒதுக்கியது. பணம் வந்தது, உரிமை வரவில்லை.

எழுதினால் கசையடி என்ற காலத்திலிருந்து, வாசிக்கக் கற்றுத் தராதது குற்றமா என்று நீதிமன்றம் சிந்திக்கும் காலம் வரை வந்திருக்கிறோம். இந்த நெடிய வழியில் குடும்பம் பங்கேற்காத காலம் ஒன்றுகூட நமக்குத் தென்படவில்லை. பங்கேற்பின் வடிவங்கள் மாறின. புத்தகத்தைத் தாளில் சுற்றுவதாக, எங்கிருந்தோ ஒரு எழுத்துக்கூட்டுப் புத்தகத்தைத் தேடிப் பெறுவதாக, பள்ளிக்கு மரம் வெட்டித் தருவதாக, மனுவில் முதல் பெயராகக் கையெழுத்திடுவதாக அது இருந்தது. பள்ளி அச்சிட்டு வைத்திருக்கும் படிவத்தில் இவை எதற்கும் கட்டம் இல்லை. கல்வியில் சமநீதி பேசுவோர் முதலில் திருத்த வேண்டியது அந்தப் படிவத்தைத்தான் என்று தோன்றுகிறது. வீட்டில் என்ன இல்லை என்று கேட்டுப் பழகிய பள்ளி, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால், டிராக்டன் திண்ணையில் அன்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்ல நிறையவே இருந்திருக்கும்.